வலது பக்கத்துக் காஜா

காஸல் நகரத்து ராணுவப் பழம்பொருள் சந்தை,
நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை.
கழுகின் காலடியில் இருக்கும் சின்னத்தை மட்டும்
சட்டத்துக்குப் பயந்து
விலைச்சீட்டு ஒட்டி மறைத்திருந்தார்கள்.
நூற்று இருபது யூரோ. எழுபது யூரோ.

நாடக அரங்கில் முப்பத்தோரு வருடம்
உடை தைத்தவள் நான்.
செத்துப்போன ராஜாக்களுக்கெல்லாம் இடுப்பளவு எடுத்தவள்.
இப்போது வோல்கார்ட் நிம்ட்ஸ் போன்றவர்கள்
வாங்குவதற்கு முன் கூப்பிடுகிறார்கள்.
நாற்பது யூரோ, ஒரு காபி.

மேசையில் கிடந்தது சாம்பல் பச்சைக் கோட்டு.
லெப்டினன்ட். தோளில் வெள்ளிக் கயிறு,
ஓரத்தில் இளஞ்சிவப்பு.
"டாங்கிப் படை" என்றார் நிம்ட்ஸ், குரல் தழைய,
தூங்கும் குழந்தையைக் காட்டுகிறவர் மாதிரி.
உள்பையில் தையற்கடைச் சீட்டு:
ஹாஸன்காம்ப், மார்ச் நாற்பத்தொன்று.
மை அசல். கம்பளி அசல்.
பூச்சி அரித்த ஓட்டையும் அசல்.

ஊதா விளக்கைப் பிடித்தேன்.
கழுகைத் தைத்த நூல்
புதுப் பல்செட்டு மாதிரிப் பளீரென்றது.
போருக்குப் பிறகு வந்த நூல்.
தோள்பட்டை ஓரத்தை நகத்தால் நெம்பினேன்:
இளஞ்சிவப்புக்கு அடியில் வெள்ளை.
காலாட்படை. நடந்தே போனவன்.
பாதி விலை அங்கேயே இறங்கியது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல.

வலது முன்பக்கத்தில் ஆறு இடங்களில்
கம்பளி தடித்திருந்தது.
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
அடைத்த காஜாக்கள்.
ஆண் கோட்டுக்குக் காஜா இடது பக்கம்.
மார்புக்குக் கீழே இரண்டு பிடிப்புத் தையல்
பிரித்த தடம்.
மடிப்புக்குள், வெளுக்கும் மருந்து எட்டாத இடத்தில்
வால்நட் தோல் காய்ச்சிய பழுப்பு.

சாயம் வெளுத்துவிட்டது லெப்டினன்டுக்கு.
அவனுக்கு அடியில் ஒருத்தி இருந்தாள்.

என் உயரம் இருப்பாள்.
இடது முழங்கை மடிப்பில் மட்டும் தேய்மானம்:
கூடை மாட்டிய கை. கரியோ, உருளைக்கிழங்கோ.
நாற்பத்தாறின் குளிரில்
கழுகை பிளேடால் அறுத்தெடுத்து,
ஊசித் துளைகளுக்கு ஆவி காட்டி,
அவன் வேர்வை காய்ந்த துணிக்குள்
தன் சூட்டை வைத்துக்கொண்டு
வரிசையில் நின்றவள்.
மனைவியா, அக்காவா,
நாலு முட்டைக்கு மாற்றிக்கொண்டவளா,
சீட்டில் இல்லை.
அவன் எந்த ஊரில் எதைக் கொளுத்தினான் என்பதும்
சீட்டில் இல்லை.
இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை.
எந்த ரெஜிமெண்ட் என்பார்கள்.

அப்புறம் யாரோ ஒரு பொறுமைசாலி
அவளைப் பிரித்துப் போட்டுவிட்டு
அவனை மறுபடி தைத்திருக்கிறான்.
நல்ல கை. பொறாமையாகக்கூட இருந்தது.

"போலியா?" என்றார் நிம்ட்ஸ்.
"துணி அசல். அதிகாரி போலி. காஜா அசல்."
"எந்தக் காஜா?"
அவர் விரலைப் பிடித்து வைத்தேன்.
தடவியது, நின்றது,
திரும்பவும் மேலேயிருந்து தடவியது.
ஆறையும் எண்ணினார் என்று நினைக்கிறேன்.

"இதைச் சரிசெய்ய முடியுமா?"

முடியும் என்றேன்.
எதைச் சரிசெய்வது என்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.
காபி ஆடை கட்டியிருந்தது.
கோட்டைப் பொத்தான் போடாமல்
மடித்துக் கொடுத்தேன்,
வலது பக்கம் மேலே வரும்படி.