சப்பாத்து

போர்நிறுத்தம் கையெழுத்தான மறு வருடம், தை மாதம்.
லோதி சாலையில் ஒரு விருந்தினர் விடுதி.
நாளைக்கு எண்ணூறு ரூபாய், மதியச் சாப்பாடு.
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நான்.
ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு தில்ருக்ஷி,
தில்லிக் குளிர் தெரியாமல் கொழும்பிலிருந்து வந்துவிட்டவள்;
என் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டிருந்தாள்.

இராசமலர் சொல்வது கருணாவதிக்குப் போய்ச்சேர
இரண்டு வாய் தாண்ட வேண்டும்.
அதற்குள் தேநீரில் ஆடை படிந்துவிடும்.
அழுகை முதலில் போய்விடும்,
காரணம் பின்னால் நடந்து வரும்.

"அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது.
தன்மையில்தான் பேச வேண்டும், எங்கள் தொழில் விதி.
ஆகவே நான்தான் சொன்னேன்:
என் மகன். என் மூத்தவன்.
பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில்
என் மகனை இயக்கம் கொண்டுபோனது.
தில்ருக்ஷிக்கும் ஒரு மகன் இருந்தான் அன்று,
முகாம் விழுந்த இரவிலிருந்து கடிதம் இல்லாதவன்.
அவனுக்குப் பாதிச் சம்பளம் மாதாமாதம் வருகிறது,
முழுதாய்ச் செத்தானென்று யாரும் எழுதித் தராததால்.

முதல் நாள் நாற்பது முறை 'என் மகன்' என்றேன்.
எனக்குப் பிள்ளை இல்லை.
ஆர்.கே. புரத்தில் ஒரு கணவர்,
பழுதான கீசர்.

இரண்டாம் நாள்
கருணாவதி ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.
தில்ருக்ஷி வாயைத் திறக்குமுன்
இராசமலர் நிமிர்ந்தார்.
"சப்பாத்தோ?"
"சப்பாத்து," என்றார் அவர்,
கையால் நீளம் காட்டி.
"எத்தினையாம் நம்பர்?"
விரல்கள் எட்டு.
இவர் ஒன்பது காட்டினார்,
பிறகு யோசித்துக் கையை விட்டுவிட்டார்.
"வளர்ற வயசு. இப்ப எவ்வளவோ.
அலுமாரியிலைதான் வச்சிருக்கிறன்."
அலுமாரி. அதுவும் புரிந்தது.
தண்ணீர் வைக்க வந்த கம்லேஷ்கூட
மூலையிலிருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்,
எதையோ எடுக்கச் சொல்கிறார்களென்று.

எங்கள் இருவருக்கும் வேலை இல்லாத நான்கு நிமிடம்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன்.
இரண்டு சொல்லுமே போர்த்துக்கீசியம்.
பீரங்கியோடு கப்பலில் வந்தவர்கள்
இரண்டு கரையிலும் போட்டுவிட்டுப் போனவை.

மூன்றாம் நாள் கூட்டறிக்கை.
"இரு தரப்புத் தாய்மாரும்
ஒருவரையொருவர் மன்னித்து" என்று
முன்பே தட்டச்சாகி வந்திருந்தது.
"ஆர் என்னட்டை மன்னிப்புக் கேட்டது?
இந்த மனுசி எனக்கு என்ன செய்தவ?"
இரண்டு வாய் தாண்டி அது போய்ச்சேர்ந்ததும்
கருணாவதி பேனாவை வாங்கி
வரியை அடித்தார், காகிதம் கிழியும்படி.
அந்த இடத்தில் என்ன போடுவது?
அமைப்பாளர் என்னைக் கேட்டார்.
அதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

சாப்பாட்டு மேசையில்தான் படங்கள் கைமாறின.
கருணாவதியின் தங்கை மகன் பலாலியில் எழுத்தர்.
இராசமலருக்குக் கிளிநொச்சியில்
எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியும்.
பள்ளிச்சட்டைப் பையன் தெற்கே போனான்,
சீருடைப் பையன் வடக்கே.
பின்புறம் பென்சிலால் சப்பாத்து அளவு.

"என்ரை பெடியன் எங்கையெண்டு போய் நிண்டால்
கலைச்சு விடுவாங்கள்.
உன்ரை பெடியனைக் கேட்டால்
திகைச்சுப்போய் நிப்பாங்கள்.
அந்த நேரம் கேக்கலாம் மிச்சத்தை."

இதை ஆங்கிலமாக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடுத்த வாயிலும் சிரிப்பு தொற்றியது.
கருணாவதி சிரிக்கவில்லை;
தலையாட்டினார், கணக்குச் சரிபார்ப்பவர்போல.

ரசீதில் கையெழுத்திட்டு வெளியே வந்தால்
தெருவே இல்லை, பனிமூட்டம்.
ஸ்வெட்டரைத் திருப்பி வாங்க மறந்திருந்தேன்.
பேருந்தில் நடத்துனர் கேட்டான், எங்கே என்று.
நான் காத்திருந்தேன்,
யாராவது அதை முதலில்
தமிழில் சொல்வார்களென்று.