பதினாறு குழாய்

சாத்தையா பேசுகிறார் என்றால்
பதினாறு குழாய் கட்ட வேண்டும்.
ஒத்தக்கடை முக்கிலிருந்து நரசிங்கம் விலக்கு வரை
புளியமரம், மின்கம்பம், மாடிக் கைப்பிடி,
எங்கே கயிறு நிற்குமோ அங்கெல்லாம்.
யானைமலையில் பட்டு
ஒரு நொடி பிந்தித் திரும்பும் அவர் குரல்.
மலையும் சேர்ந்து திட்டுகிறதென்று
கூட்டம் கைதட்டும்.

மைக்கை நான்தான் சோதிப்பேன்.
ஹலோ. ஒன்று. இரண்டு.
அவர் மேடையேறி, தோள்துண்டை எடுத்து,
நான் பிடித்த இடத்தைத் துடைப்பார்,
அவசரமில்லாமல், எல்லோரும் பார்க்க.
என் தெரு அவருக்குத் தெரியும்.
என் தெருதான் அவர் தெருவுக்குத் தீ வைத்தது.
அப்போது எனக்கு ஒன்பது வயது.
மண்ணெண்ணெய் டின் யார் வீட்டிலிருந்து போனதென்று
எவரிடமும் நான் சொன்னதில்லை.

"அவன் கையால சோடா வாங்காதே.
அவங்கள்லயும் நல்லவன் உண்டுன்னு எவனாவது சொன்னா
பாம்புலயும் நல்லபாம்பு உண்டுன்னு சொல்லு."
கூட்டம் உருண்டு சிரித்தது.
நான் ட்ரெபிளைக் குறைத்தேன்.
அது என் வேலை.

பிறகு ஒரு வருடம் ஆளைக் காணோம்.
கோரிப்பாளையத்தில் ஐந்து வேளையும் தொழுகிறாராம்.
சாத்தையா, சாதிக் ஆனார்.
டீக்கடையில் அதற்கும் ஒரு நக்கல்:
"பேரை மாத்தியும் பேருக்குள்ள
சாதி உக்காந்திருக்கே."

திரும்பி வந்த முதல் கூட்டம் மேலூரில்,
ஐப்பசித் தூறலில்.
துண்டு தோளிலேயே கிடந்தது.
நான் பிடித்த இடத்திலேயே பிடித்தார்.
என் கைச்சூடு அதில் இருந்திருக்கும்.

குரல் தணிந்திருந்தது.
வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனேன்.
"கால்ல பொறந்தவன்னு நம்மளச் சொன்னான்.
அவன் கால ஒடிக்கணும்னுதான்
நானும் இத்தன வருசம் திரிஞ்சேன்.
போன நோன்புல, நெத்தியத் தரையில வைக்கிறேன்,
கண்ணுக்கு ஒரு சாண் முன்னால
முன்வரிசைக்காரன் குதிகால், பித்தவெடிப்பு.
தெரிஞ்ச ஆளு.
நம்ம தெரு எரிஞ்ச வழக்குல ஏழாவது எதிரி.
அவனும் வந்து சேந்திருக்கான்.
எந்திரிச்சுப் போயிருக்கணும். போகல.
ஏன்னா எங்காலுக்குப் பின்னாடியும் எவனோ ஒருத்தன் நெத்தி.
அவன் காலுக்குப் பின்னாடி இன்னொருத்தன்.
கடைசி வரிசைக்குப் பின்னாடி செருப்புதான் கெடந்துச்சு,
எது எவனுதுன்னு தெரியாம.
மன்னிச்சிட்டேன்னு சொல்லல.
பொறப்புலயே பாம்புன்னு ஒருத்தனச் சொல்ல
இனி எனக்கு வாய் வராது."

ஒரு சோடா பாட்டில் பறந்து வந்து
மைக் ஸ்டாண்டில் உடைந்தது.
எறிந்தவன் அவருடைய ஆள்.
அவர் சொன்னதற்காகவே
என் கையால் சோடா வாங்காமல் இருந்தவன்.
"வெல போயிட்டான்" என்று கத்தினான்.
அழுதுகொண்டே கத்தினான் என்பது
மேடைக்குக் கீழே நின்ற எனக்குத்தான் தெரியும்.

பதினாறு குழாய் எட்டாயிற்று. அப்புறம் நான்கு.
கடைசிக் கூட்டத்துக்கு ஒரே ஒரு பாக்ஸ்.
வாடகை வேண்டாம் என்றேன்.
சில்லறையாக எண்ணி
என் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

பழைய கேசட்டுகளை அழித்துவிடவா என்று
ஒருமுறை கேட்டேன்.
"வேணாம். அதுல எரியுற வீடு பொய்யில்ல.
எரிச்சவன் பிள்ளையையும் சேத்து எண்ணிட்டேன் பாரு,
அந்தக் கணக்குதான் பிசகு."
என்னைப் பார்த்துச் சொன்னாரா, தெரியாது.
நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.
எங்கள் தெரு முக்குக் கடையில்
இப்போது தனிக்குவளை இல்லை.
அவர் தெரு ஆட்கள் வந்தால் பேப்பர் கப்,
எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ்.
நேற்றும் நான் கிளாஸில்தான் குடித்தேன்.
கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கி
மைக்கைக் கையில் எடுத்தேன்.
ஹலோ. ஒன்று. இரண்டு.
அந்த டின் எங்கள் வீட்டு டின்.

ஒயரைச் செருகியிருக்கவில்லை.