பன்னிரண்டாவது சட்டை

பிரானூர் பார்டரில் ஐந்தேமுக்கால் பஸ்.
புளியரை செக்போஸ்டில் ஏறுகிறவர்
சீட்டுக்கடியில் குனிந்து பார்ப்பார்,
ரேஷன் அரிசி போகிறதா என்று.
என்னைப் பார்ப்பதில்லை.
பதினோரு வருடமாக இந்தக் கோட்டைத் தாண்டுகிறேன்.
நீ எந்த நாடு என்று
ஒருவரும் கேட்டதில்லை.

புனலூரில், பெண்கள் இல்லத்தில் சமையல்.
தமிழ்க்காரி என்பதால் அந்தப் புதன்கிழமை
கையில் அகப்பையோடு
ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

தயாபரி, முப்பத்தொன்று.
பையன் நிதுசன், ஆறு.
கொல்லத்து லாட்ஜில் பிடித்தார்களாம்
படகு கிளம்ப இரண்டு இரவு இருக்கையில்.
கடலையே காணேல்ல அக்கா என்றாள்,
ஜன்னல் பின்பக்கச் சந்துக்குத் திறந்திருந்தது.
புருஷனை வேறு வண்டியில் ஏற்றினார்கள்.

"நாடு ஏதா?" என்றார் மேட்ரன்.
நான் தமிழில் கேட்டேன்.
அவள் வாய் திறக்குமுன் பையன் சொன்னான்:
"பதினாலாம் நம்பர் வீடு."
அவனும் முகாமில் பிறந்தவன், அவளும்.
ரெஜிஸ்டரில் அந்தக் கட்டம் சின்னது.
மேட்ரன் பேனாவை இரண்டுமுறை உதறினார்,
மை தீர்ந்தது போல.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை.
சாப்பிடும்போதும் தூங்கும்போதும்
அவன் கழற்றவில்லை.
பெரியவர்கள் அளவு, முழங்கால்வரை தொங்கும்.
தோளில் கயிறு கட்டிய விசில்.
தண்ணிக்குள்ள விழுந்தால் மட்டும்தான் ஊதலாம்,
அப்பா சொன்னவர்.

சனிக்கிழமை எஸ்.ஐ. வந்தார்.
பட்டியலில் சட்டை பன்னிரண்டு,
ஸ்டேஷனில் இருப்பது பதினொன்று.
"தொண்டி" என்றார்.
இரண்டு மொழிக்கும் அதே சொல்,
எனக்கு அங்கே வேலையில்லை.
கப்பல்கள் வந்துபோன தொண்டி என்று
பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு ஊர்
எதற்கோ ஞாபகம் வந்தது.
தயாபரி கொக்கிகளை அவிழ்க்கக் குனிந்ததும்
பையன் இரண்டு கைகளையும்
தலைக்குமேல் தூக்கினான்.
லாட்ஜில் பார்த்திருக்கிறான்,
அப்பா அப்படித்தான் நின்றாராம்.

அன்றிலிருந்து தலையில் தண்ணீர் ஊற்றினால்
மூச்சை அடக்கிக்கொள்கிறான்.
நேற்று எண்ணிப் பார்த்தேன்.
இருபத்தாறு.

"அவரை எப்ப விடுவினம்? கேட்டுச் சொல்லுங்கோ."
கேட்டேன்.
"அது பறயான் பற்றில்லா" என்றார் எஸ்.ஐ.
நான் "சீக்கிரம்" என்று சொல்லிவிட்டேன்.
தெரிந்தே தப்பாகச் சொன்ன ஒரே சொல்.
இப்போது ஒவ்வொரு காலையும்
அடுப்படி வாசலில் நின்று
அதை என்னிடமே நீட்டுகிறாள்:
சீக்கிரம் எண்டவர்தானே அக்கா?
நான் அரிசி களைந்துகொண்டே இருக்கிறேன்,
கழுநீர் தெளிந்த பிறகும்.

மேட்ரன் கெட்டவரில்லை.
ராத்திரி அவன் முதுகைத் தட்டி
"கரயண்டா மோனே, கரயண்டா" என்பார்.
அழாதே என்று அர்த்தம்.
யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை.
ரசத்துக்கு உப்புப் போடும் நேரம்
என் பக்கத்தில் வந்து நின்றான்.
பானைக்குள் எட்டிப் பார்த்தான்.
"அக்கா, நான் கரைஞ்சுபோயிடுவேனோ?"

அடுப்பைத் தணித்தேன்.
ரசம் பொங்கியது, அதுவும் தெரிந்தது,
என்ன சொன்னேன் என்பதுதான் தெரியவில்லை.

இன்று புறப்படுகையில்
கைக்குள் பொத்தி ஒன்றைக் கொடுத்தான்.
சட்டையைத்தான் எண்ணினார்கள்,
விசிலை எண்ணவில்லை.
"அப்பாவைக் கண்டால் குடுங்கோ.
ஊதிப் பார்க்காதேங்கோ."

இருட்டில் மலை இறங்குகிறது பஸ்.
இந்தப் பக்கம் வருகிற வண்டியில்
கோழிக்கழிவு, ஆஸ்பத்திரிக் குப்பை தேடுவார்கள்.
டார்ச் வெளிச்சம் கால்களுக்கிடையில் போய்
என் தூக்குவாளியில் நின்றது.
"என்னம்மா உள்ள?"
"மிச்சச் சோறு" என்றேன்.
சோற்றுக்கடியில் அது
ஈரமாகத்தான் இருக்கும்.