மூல நாடா

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்துவிட்டது.
பழம் உலர்த்தும் பெட்டியில்
ஆப்பிள் துண்டுகளை எடுத்துவிட்டு
1976-ஐ வைத்திருக்கிறேன்.
கால் அங்குல நாடா, இரண்டு சுருள்,
ஐம்பத்து நான்கு டிகிரி, எட்டு மணி நேரம்.
ஈரத்தோடு ஓட்டினால்
கிட்டார் பழுப்புப் பிசினாய் உரிந்து
இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும்.

முந்தைய மறுபதிப்புகளைக் கேட்டாயிற்று.
தொண்ணூற்றாறில் வந்தவன் இரைச்சலைத் துடைத்தான்,
துடைத்த துணியோடு சிம்பலின் வாலும் போயிற்று.
இரண்டாயிரத்து ஐந்தில் வந்தவன்
எல்லாவற்றையும் கூரையில் ஏற்றிவிட்டான்.
அதில் கிசுகிசுப்பும் கத்தல்.

இப்போது நான்.
நூற்றெண்பது கிராம், தடித்த உறை, நாற்பத்தைந்து டாலர்.

சுருள் சுழல்கிறது.
யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.
குச்சிகள் நாலு தட்டு.
பிறகு, வேறு பாட்டு.

இல்லை, அதே பாட்டுதான்,
கால் சுருதி மேலே.
வெண்டலின் குரலில் பத்தொன்பது வயது
அப்படியே நிற்கிறது, முகப்பருவோடு.

அன்று தட்டை வெட்டிய அறையில்
இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது.
அவ்வளவுதான்.
தூக்கம் கலையாத அந்தக் குரலுக்கு
ஐம்பது வருடமாகக் காரணம் எழுதினார்கள்:
துக்கம் என்றார்கள், போதை என்றார்கள்,
வடக்கின் குளிர் என்றும் ஒருவர்.

டிரம்மர் ஆர்வோ குசிஸ்டோவை வரச் சொன்னேன்.
பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார்.
இரண்டு காதிலும் கருவி.
இரண்டு வேகத்தையும் போட்டேன்.
"ஒன்றுபோல்தான் இருக்கிறது."
சிம்பல் இருக்கும் உயரத்துக்கு
அவர் காது ஏறுவதை நிறுத்திப் பல காலம்.

கிளம்புவார் என்று நினைத்தேன்.
ஸ்பீக்கரின் மரத்தில் உள்ளங்கையை வைத்து
மறுபடி போடச் சொன்னார்.
பழையதற்குக் கை சும்மா இருந்தது.
நாடாவுக்கு, கட்டைவிரல் முந்திக்கொண்டது.
"மாரிட், இதில் எனக்கு அவசரம்.
அன்றைக்கு மூன்று மணிக்குத் துறைமுகத்தில் ஷிப்ட்.
தாதுக் கப்பல் காத்திருக்காது."

நாடாவின் வேகத்திலேயே வெட்டினேன்.
கடிதங்கள் வரும், தெரியும்:
எங்கள் பாட்டை என்ன செய்தாய்?
பணத்தைத் திருப்பிக் கொடு.
அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.
ஒரு பிழையோடு
கல்யாணம் செய்திருக்கிறார்கள், காரோட்டியிருக்கிறார்கள்,
அப்பாவைப் புதைத்திருக்கிறார்கள்.

இரவு, வண்டிக் கண்ணாடியில்
பனியைச் சுரண்டிக்கொண்டே முணுமுணுக்கிறேன்.
இரண்டாவது வரியில்தான் கவனித்தேன்:
கால் சுருதி கீழே.