இடது பக்கத்து மஞ்சள்

பளபளப்பு வேண்டாம் என்று சொல்லிப் புரியவைக்கவே
எனக்குப் பாதி நாள் போகிறது.
புதூர் சிட்கோவில் எதிர் ஷெட் பாண்டீஸ்வரன்
ஒரே நாளில் பவுடர் கோட்டிங் அடித்துத் தருவான்,
தோசை மாவு கனத்துக்கு,
டவுன்பஸ் கம்பி மாதிரி மினுங்கும்.
கம்பெனியில் யாரும் அப்படிச் செய்யவில்லை.
அங்கே ஒருவன் கொக்கியில் மாட்டி
கறுப்புத் தொட்டியில் முக்கி எடுத்தான்.
வடிந்து முடிவதற்குள் சங்கு ஊதியது.
கீழ் முனையில் ஒரு சொட்டு நின்று காய்ந்தது.
அந்தச் சொட்டும் வேண்டும் எனக்கு.

அறுபத்தெட்டாம் வருசத்து ஃபியட்.
நரிமேட்டு ஆடிட்டர் எப்சிபா கொண்டுவந்து விட்டார்.
மேல் பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
“அடியில மட்டும் பாருங்க.
கம்பெனி எப்படி அனுப்புச்சோ அப்படி.”

முன் ஆர்ம்களுக்குப் பாஸ்பேட் குளியல்.
சாம்பலா கறுப்பா என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.
மழை விட்ட அரைமணியில்
யானைமலை ஒரு நிறத்தில் நிற்குமே, அது.
போர்த் தண்ணீரில் அலசினால் உப்புப் பூத்துவிடுகிறது,
கேன் தண்ணீர் வாங்கி அலசினேன்.
போல்ட்டுகளுக்கு அன்று காட்மியம் பூசியிருந்தார்கள்.
விஷம், நான் தொடுவதில்லை.
துத்தநாகம் ஏற்றி மஞ்சள் கொடுத்தேன்.
பத்து விநாடி கூடினால்
கல்யாணச் சேலை ஜரிகை ஆகிவிடும்.
ஆகிவிட்டது. உரித்து, மறுபடி முக்கினேன்.

ஸ்பிரிங்கை மட்டும் ஆசிட்டில் போடக் கூடாது.
வெளியே சுத்தமாகும், உள்ளே நொறுங்கும்,
என்றோ ஒருநாள்
காரணம் சொல்லாமல் ஒடியும்.
அதனால் மண்ணெண்ணெய், மூங்கில் சீவல், வேட்டித் துணி.
இத்தனை வருசத்துக் கிரீசும் புழுதியும்
சுட்ட கத்தரிக்காய்த் தோலாக உரிய,
வலது ஸ்பிரிங்கின் மூன்றாம் சுற்றில்
ஒரு பச்சைத் தீற்று.
சோதித்தவன் வைத்த அடையாளம்.

இடது ஸ்பிரிங்கில் மஞ்சள்.

ஜோடி சேர்த்துத்தான் மாட்டுவார்கள்,
நிறம் மாறி மாட்ட மாட்டார்கள்.
சும்மா இருந்திருக்கலாம்.
போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலமே வந்தார்.
பச்சை மையில் டிக் அடித்தே வாழ்கிறவர்,
பச்சையை விட்டுவிட்டு மஞ்சளையே பார்த்தார்.
“அப்படின்னா?”
“இது பின்னாடி மாட்டுனது, மேடம்.
இடது பக்கம் அடி வாங்கியிருக்கு.”
“எங்கப்பா எங்கயும் இடிச்சதில்ல.”
பல தடவை சொல்லிப் பழகிய வேகம் அதில் இருந்தது.

பிறகு ட்யூப்லைட்டுக்குக் கீழே குத்துக்காலிட்டு,
ஸ்பிரிங்கிடம் சொல்வதுபோல்:
“அம்மா இந்தப் பக்கம்தான் உக்காருவாங்க.
அவங்களுக்கு இடது கால் தாங்கித்தான் நடப்பாங்க.
மாடிப்படியில விழுந்ததுன்னு...”

கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனார்.
கிரீஸ் அப்படிப் போகாது.

பச்சை ஏற்கெனவே கலந்து வைத்திருந்தேன்,
இரண்டுக்கும் போதுமான அளவு.
இரவு பத்தரைக்குப் போன்.
“ரெண்டுலயும் பச்சை போட்டா யாருக்குத் தெரியும்?”
“யாருக்கும் தெரியாது.”
அந்தப் பக்கம் குழாய் சொட்டும் சத்தம்.
நான் வைத்துவிடலாமா என்று நினைக்கும்போது,
“மஞ்சளே இருக்கட்டும்.
கம்பெனி மாதிரின்னுதானே சொன்னேன்.
அதுவும் ஏதோ ஒரு கம்பெனிதானே.”

கறுப்பு காய்ந்தது, சொட்டு நின்றது.
பச்சை முதல் இழுப்பிலேயே விழுந்தது.
மஞ்சள்தான் படுத்தியது.
யாரோ ஒருவன் மதியச் சோற்று நினைப்பில்
பார்க்காமல் இழுத்த கோடு.
நான் இழுத்தால் திருநீறு மாதிரி அழகாக விழுகிறது.
ஒன்பது தடவை துடைத்தேன்.

பத்தாவது தடவை தூரிகையை எடுக்கும்போது
“யக்கா, டீ ஆறுது” என்று பிலால் கத்த,
திரும்பிக்கொண்டே இழுத்தேன்.

அதுதான்.