ஒண்ணும் பண்ணாது

கடலூர் கூத்தப்பாக்கத்தில் எனக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர், நாற்பத்தோரு நாய்.
மீட்டருக்கு எண் உண்டு. நாய்க்கு
வெள்ளை அட்டையின் மூலையில்
பென்சிலால் நான் வைக்கும் ஒரு புள்ளி.
இரண்டு புள்ளி என்றால்
கேட்டைத் தட்டிவிட்டு வெளியிலேயே நிற்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் ஒரே வாசகம்தான்:
"வாங்க மேடம், ஒண்ணும் பண்ணாது."
சொல்பவர் உள்ளே இருப்பார்,
டிவி சத்தத்துக்கு அப்பால்.
கேட்பவள் நான்.
பண்ணலாமா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டிருப்பது மூன்றாவது ஆள்.

பதினோரு வருஷத்தில் கற்றது கொஞ்சம்.
ஓடக் கூடாது. கண்ணுக்குள் பார்க்கக் கூடாது.
பையை முன்னால் பிடித்துப் பக்கவாட்டில் திரும்பி
கரண்ட் கம்பம் மாதிரி நிற்கலாம்,
எங்கள் துறைக்கு அது வரும்.
வால் ஆடுகிறதே என்று நம்பக் கூடாது;
விறைத்த வாலும் ஆடும்.
தின்கிற நாயை, தூங்குகிற நாயை,
குட்டி போட்டுப் படுத்திருப்பதை
ஒரு எண்ணுக்காகத் தாண்டக் கூடாது.
'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு வரலாம்,
பொய்யில் அது சின்னது.
தெற்கிலிருந்து சிப்காட் வாசம் அடிக்கும் நாளில்
அதுகளுக்கும் எனக்கும் ஒரே தலைவலி;
அன்று எல்லோருக்கும் ஓரடி கூடுதலாக விட வேண்டும்.

மூன்றாவது குறுக்குத் தெரு, அறிவுடைநம்பி வீட்டு பிஸ்கட்டைக்
கைக்குட்டை அளவில் இருந்தபோதே தெரியும்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறவளுக்குத்தான் உறைக்கும்:
வளர்ந்தது நாய்,
வளராதது சங்கிலி.
அதன் நாலு முழம் முடிகிற இடத்தில்
என் மீட்டர் பெட்டி.

மார்கழி வரை உறுமியது.
உறுமினால் நிற்பேன், யாராவது வந்து பிடிப்பார்கள்.
எங்கள் இருவருக்கும் நடுவே
அது ஒரு ஒப்பந்தம்.

மாசியில் உறுமவில்லை.
காது பின்னால் போனது,
மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டது.
நான் அதைப் படித்து முடித்தபோது
கெண்டைக்கால் நனைந்திருந்தது.

"முன்னாடி ரொம்ப உறுமிட்டு இருந்துச்சு மேடம்,
அடிச்சு அடிச்சு நிறுத்திட்டேன்"
என்றார் அறிவுடைநம்பி,
தண்ணீர்க் குழாயை என் காலுக்குக் காட்டியபடி.
சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.
சொல்லி முடித்தபோது இல்லை.

சோப்பு, பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீர்,
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, சீட்டில் நாலு தேதி.
வரிசையில் எனக்கு முன்னால்
சாப்பாட்டு டெலிவரிப் பையன், பை இன்னும் முதுகில்.
பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி.
பந்து எடுக்கப் போனாளாம்.
போகச் சொன்னவர்களும்
அதே இரண்டு வார்த்தைதான் சொன்னார்களாம்.

பத்து நாள் நாயைக் கவனிக்கச் சொன்னார் டாக்டர்.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
கவனித்தது நம்பியின் மகள் இளவெயினி.
ஐந்து வருஷமாகச் சோறு வைத்தவள்
முதல்முறையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்:
குச்சி சாய்ந்திருக்கும் சுவரைவிட்டுக்
கண் எடுக்காமல் அது தின்பதை.

சித்திரையில் போனேன்.
குச்சி இல்லை.
சங்கிலி பின்பக்கம் போயிருந்தது,
நீளக் கம்பியில் வளையம் ஓடும்படி.
நடுவே புதிதாக ஒரு தகரக் கதவு.
"இருங்க மேடம், நான் வந்ததும் வாங்க"
என்றாள் இளவெயினி.
அந்தப் பழைய வாசகத்தை யாரும் சொல்லவில்லை.

தகரத்துக்கு அந்தப் பக்கம்
டிரான்ஸ்பார்மர் இரைகிற மாதிரி
வெகு அடியில் தொடங்கியது.
என் தழும்புதான் முதலில் கேட்டது.
வாசல்வரை வந்த அவள் அப்பா
ஓங்கப்போன கையைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

4127 என்று குறித்தேன்.
மூலையில் இருந்த இரண்டு புள்ளியில்
ஒன்றை அழிக்கப் பார்த்து, வேண்டாமென்று விட்டு,
பக்கத்தில் எழுதினேன்:
பேசுகிறது.