அறுபத்துநான்கு கிலோ

காசில்மெய்ன். பெயரில் கோட்டை உண்டு,
ஊரில் கிடையாது.
அதனால்தான் கட்டுகிறோம் என்று
ஃபியோனா சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.
புல் காய்ந்த ஆட்டு மேட்டில்
ஒரே ஒரு வாசல், இரண்டு ஆள் உயரம்,
எழுநூறு வருஷத்துக்கு முந்திய முறையில்.

நெம்புகோல், சுண்ணாம்பு, கயிற்றில் பதின்மூன்று முடிச்சு.
மூன்று, நான்கு, ஐந்து என்று இழுத்துப் பிடித்தால்
மூலைமட்டம் தானாக வந்துவிடுகிறது.
எழுதப்படிக்கத் தெரியாதவனும்
வானத்தை நேராக வெட்டியிருக்கிறான்.
தலைக்கவசம் மட்டும் நகரசபையின் விதி.
சன்ஸ்கிரீனும்.

எனக்குக் கல் வெட்ட வராது.
வாரம் முழுக்க இறைச்சி ஆலையில் இரவு வேலை.
என்னைச் சக்கரத்துக்குள் விட்டார்கள்:
ஆள் நிற்கும் அணில்கூண்டு,
உள்ளே நடந்தால் வெளியே கல் ஏறும்.
கூட நடப்பவன் எ டோ, கரேன்காரன்.
இருவருக்கும் எடை அறுபத்துநான்கு.
தேர்வு அவ்வளவுதான்.

செக்குமாடு என்று நினைத்துக்கொள்கிறேன்,
பிறகு திருத்திக்கொள்கிறேன்:
மாடு சுற்றினால் எண்ணெய் கீழே சொட்டும்.
நாங்கள் நடந்தால் கால் டன் பாறை
சத்தமில்லாமல் மேலே போகும்.
நின்றாலோ அது எங்களை நடத்தும், பின்னோக்கி.
பெரிய தேவாலயங்கள் எழுந்த காலத்தில்
கண் தெரியாதவர்களை இதில் நடக்கவிட்டார்களாம்,
உயரம் கண்டால் கால் நின்றுவிடும் என்று.
எ டோ அதைக் கேட்டுக் கண்ணை மூடி நடந்து பார்த்தான்.
"மோசமில்லை" என்றான்.

கல்தச்சர்கள் ஒவ்வொரு கல்லிலும் தம் குறி செதுக்குகிறார்கள்:
மீன்முள், அம்பு, கவிழ்ந்த ஏழு.
அன்று கூலி எண்ண. இன்று
போட்டோ எடுக்க.
நடந்தவனுக்குக் குறி இல்லை.

நேற்று மாலை, நாற்பத்தொரு டிகிரி தணிந்தபின்,
வளைவைத் தாங்கிய மரச்சட்டத்தின் ஆப்புகளை
ப்ரூனோ ஒவ்வொன்றாகத் தட்டினான்.
சட்டம் இறங்கியது. வளைவும்
ஒரு நகத்தளவு இறங்கியது,
வேட்டியைச் சரிசெய்து உட்கார்பவரைப் போல.
கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.
பிறகு ஒன்றும் இல்லை.
கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

எ டோ முதலில் அடியில் போனான்.
அண்ணாந்து உச்சிக்கல்லைப் பார்த்து
தன் நெஞ்சைத் தொட்டு, என்னைக் காட்டி
இரண்டு விரல் தூக்கினான்.
எனக்கு ஏழு மணிக்கு ஆலை.

காரை நோக்கி நடந்தேன்.
ஒவ்வோர் அடிக்கும்
நிலம் பின்னால் போனது.
அதுதான் வினோதமாக இருந்தது.